ஏன் இரத்தம் காணாது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு மருத்துவப் பகுதியில் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருந்தார். வயது 26. இரத்தம் காணாது, அதாவது இரத்தச்சோகை, என்று சொல்லி ஒரு வருடமாக இரும்புச்சத்துப் பாணி குடிக்கிறாராம், களை மட்டும் தீரவில்லையாம். பாணியைத் தொடரும்படியும் பீற்றூட்டும் பேரீச்சம்பழமும் சேர்த்துக்கொள்ளும்படியும் பதில் வந்திருந்தது. பதில் எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனால் ஒரு வருடம் மருந்து குடித்தும் இரத்தம் ஏன் ஏறவில்லை என்று அந்தப் பதில் கேட்கவேயில்லை. அதைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் வைத்தியன் அல்லன். மலேரியா தடுப்பு வேலையில் 1981 முதல் 2012 வரை நுணுக்குக்காட்டியில் இரத்தம் பார்த்தவன். துணுக்காய், மல்லாவி, மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்தில் இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலருடைய விரலை நான் குத்தியிருப்பேன். காய்ச்சல்காரர் வாங்கில் வரிசையாக இருப்பார்கள். விரல் நுனியைத் துடைத்து, ஊசியால் ஒரு குத்து. வருகிற துளியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் நடுங்காமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கை சரியாக வந்தால் இரத்தம் நாக்கு வடிவில் மெல்லிதாகப் படரும். காயவிட்டு, ஜீம்சா சாயம் ஊற்றிக் கழுவினால் தகடு ஊதா நிறமாகும். தொண்ணூறுகளில் வன்னிக்கு மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியின் அடியில் உள்ள சிறு கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி, வெயிலைப் பிடித்துத்தான் பார்ப்போம். மார்கழி மழையில் வெளிச்சம் வரும்வரை தகடுகளை அடுக்கிவைத்துக்கொண்டு காத்திருந்த நாட்கள் பல.

அந்த வெளிச்சத்தில் தெரிவதைச் சொல்கிறேன். செங்குழியம் என்பது இரண்டு பெருவிரலாலும் நடுவில் அமுக்கிவிட்ட மா உருண்டை போன்றது. ஓரம் தடிப்பு, நடு மெல்லிது. அதனால் தகட்டில் நடுப்பகுதி வெளிறியும் ஓரம் சிவந்தும் தெரியும். சுகமாக உள்ளவருக்கு அந்த வெளிறல் மூன்றில் ஒரு பங்களவுக்கு மேல் போகாது. இரும்பு போதாதவருக்கு வெளிறல் அகன்று, ஓரத்தில் ஒரு மெல்லிய கோடுதான் எஞ்சும். சின்னப் பிள்ளையின் வளையல்களைக் கழற்றித் தகட்டில் கொட்டியதுபோல் இருக்கும். கிருமியைத் தேடித் தகட்டை நகர்த்தும்போதெல்லாம் இந்த வளையல்களை நான் கண்டேன். ஆனால் என்னுடைய பதிவேட்டில் திகதி, பெயர், ஊர், வயது, பிறகு கிருமி உண்டா இல்லையா என்ற கட்டம். அவ்வளவுதான். வளையலுக்குக் கட்டம் இல்லை. ‘இல்லை’ என்று எழுதி அவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு துண்டில் நாலு வார்த்தை எழுதி வைத்தியரிடம் கொடுத்திருக்கலாம். சில நாள் கொடுத்தேன், அறுபது எழுபது தகடு குவிந்த நாட்களில் கொடுக்கவில்லை. அது என் பிழை. இந்தக் கடிதத்தை எழுத வைப்பதும் அதுதான்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. பாதிக்குச் சற்று மேல் வைக்கோல் நிறத் திரவம், மிச்சத்தில் அநேகமாக எல்லாம் செங்குழியம். ஒரு கன மில்லிமீற்றரில் மட்டும் 40, 50 இலட்சம் செங்குழியம் இருக்கும். அவை ஒவ்வொன்றிலும் ஈமோகுளோபின், அதன் நடுவே இரும்பு. நாம் இழுக்கும் மூச்சில் உள்ள ஒட்சிசனைக் கால்விரல் வரை கொண்டுபோவது அதுதான். செங்குழியத்துக்கு ஆயுள் 120 நாள். என்புகளுக்குள் இருக்கும் மச்சை இரவு பகலாகப் புதியன செய்துகொண்டே இருக்கிறது. கிழடானவற்றை மண்ணீரலும் ஈரலும் உடைத்து, உள்ளிருந்த இரும்பைத் திரும்ப மச்சைக்கே அனுப்பிவிடுகின்றன. உடல் முழுவதிலும் உள்ள இரும்பு மூன்று நான்கு கிராம்தான், ஓர் ஆணியின் நிறை. அதைத்தான் வாழ்நாள் முழுவதும் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துகிறோம்.

வவுனிக்குளத்தில் தண்ணீர் இறங்கினால் எங்கள் கமக்காரர் என்ன கேட்பார்கள்? மழை குறைந்ததா, குளக்கட்டில் கசிவா, யாராவது துருசை, அதாவது மதகை, திறந்துவிட்டார்களா என்று பார்ப்பார்கள். குளம் வற்றிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவரைக் கமக்காரர் என்று யாரும் மதிக்கமாட்டார்கள். ‘இரத்தம் காணாது’ என்பதும் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று சொல்வதற்குச் சமம். ஏன் இறங்கியது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றுக்குரிய மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

எங்கள் பெண்களில் பலருக்கு இரும்புக் குறைவுதான் காரணம். 1988 இல் என் மனைவி இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது, அரிசி புடைக்கும் சுளகிலிருந்து ஒரு பிடி பச்சையரிசியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பாள். ‘கலியாணம் முடிந்துவிட்டது, இனி மழை வந்தால் என்ன’ என்று மாமியார் சொல்லுவார். பச்சையரிசி தின்றால் கலியாணத்தன்று மழை பெய்யும் என்பார்களே, அதைத்தான். திருநீற்றையும் தொட்டுத் தொட்டு நாக்கில் வைப்பாள். மசக்கை என்று விட்டுவிட்டோம். ஊரார் இரத்தத்தைப் பார்க்கிற எனக்கு, அப்படி மண்ணையும் சாம்பலையும் பச்சையரிசியையும் நாக்குத் தேடுவது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று தெரியவில்லை. கிளினிக்குக்கு வந்த மருத்துவிச்சிதான் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்த உள்பக்கம் இப்படி வெள்ளையாக இருக்கக்கூடாது” என்றார். பரிசோதித்தபோது ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 8 கிராம். கர்ப்பிணிக்கு 11 க்குக் குறையக்கூடாது, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. குளிசை தொடங்கி மூன்று மாதத்தில் அரிசி மெல்லுவது தானாகவே நின்றது.

அந்தக் குளிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பலர் அதைக் கூரையில் சொருகிவிட்டு, கேட்டால் குடித்தேன் என்கிறார்கள். மலம் கறுப்பது குளிசையால்தான், பயப்படத் தேவையில்லை. வயிற்றைப் பிரட்டினால் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள், நேரத்தை மாற்றித் தருவார். ஆனால் குளிசையைத் தேநீரோடு விழுங்குவதில் பயனில்லை. சோறு சாப்பிட்ட கையோடு வெறுந்தேநீர் குடிப்பது எங்கள் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்சாது. ஒரு மணி நேரமாவது பொறுங்கள். கல்சியக் குளிசையையும் இரும்போடு சேர்த்து விழுங்காதீர்கள், ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள். தேசிக்காய்ப் புளியும் நெல்லியும் கொய்யாவும் இரும்பை உள்ளே இழுக்கும். முருங்கை இலைச் சுண்டலில் தேசிக்காய் பிழியச் சொல்லி எங்கள் அம்மம்மா சொன்னது வீண் போகாது. கீரையில் உள்ள இரும்பைவிட ஈரலிலும் இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். குளத்து விராலும் ஜப்பான் மீனும் நெத்தலிக் கருவாடும் விலையில் அவ்வளவு தூரத்தில் இல்லை. பீற்றூட் நல்ல மரக்கறிதான், ஆனால் 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதன் சிவப்பு வேறு, இரத்தத்தின் சிவப்பு வேறு.

கொழுக்கிப் புழுவையும் மறக்கக்கூடாது. வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்பவரின் பாதத்தோலைத் துளைத்து ஏறி, குடலில் தொங்கி இரத்தம் குடிக்கும். புழு மருந்து இல்லாமல் எத்தனை போத்தல் பாணி குடித்தாலும் கசிகிற கட்டுக்குத் தண்ணீர் இறைப்பதுதான். மாதவிலக்கில் அதிகம் போகிறது என்பதைச் சொல்லக் கூசி, பாணியோடு வாழ்கிற பெண்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

ஆண்களுக்கு, அதிலும் வயது போனவர்களுக்கு இரத்தம் காணாது என்றால் நான் மிகவும் பயப்படுகிறேன். என்னோடு வயல் செய்த நண்பர் ஒருவர் முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய வலிக்குளிசையை ஒரு வருடத்துக்கு மேல் விழுங்கினார். களைத்தார், வெளிறினார். யாரோ சொல்லி இரும்புக் குளிசையும் தொடங்கினார். மலம் தார்போலக் கறுத்தது. ‘குளிசை குடித்தால் அப்படித்தான்’ என்று அவருக்குச் சொன்னவன் நான். இரைப்பைப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. வயலில் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். தார்போல் பிசுபிசுப்பாகவும் கெட்ட நாற்றத்தோடும் போனால் அது குளிசையின் கறுப்பல்ல. ஆணுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் இரும்பு குறைந்திருந்தால், அது எங்கே போகிறது என்று வைத்தியர் வயிற்றையும் குடலையும் பார்க்கத்தான் வேண்டும்.

சிறுநீரகமும் இதில் வருகிறது. இரத்தம் செய்யும்படி மச்சைக்குக் கட்டளை அனுப்புவதே சிறுநீரகம்தான். வவுனியா, பதவியா, மதவாச்சிப் பக்கங்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் எத்தனை கமக்காரரைக் கொண்டுபோனது என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இரும்பு மட்டும் கொடுத்தால் இரத்தம் ஏறாது. அந்தக் கட்டளையை ஊசியாகக் கொடுக்க வேண்டிவரும்.

இனி என் பேத்தியின் விடயம். மகளின் மகள், 19 வயது. ஆறு மாதம் இரும்புக் குளிசை விழுங்கினாள், தேநீரையும் விட்டாள், ஈமோகுளோபின் 10.6 இல் நின்ற இடத்திலேயே நின்றது. “அம்மப்பா, நீங்கள் இரத்தம் பார்த்தவர்தானே, இதைப் பாருங்கள்” என்று முழு இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. எனக்குக் கிடைக்காத கட்டமெல்லாம் அதில் இருந்தது. செங்குழியத்தின் சராசரிப் பருமன் (தாளில் MCV என்று இருக்கும்) 65, அது 80 ஆவது இருக்க வேண்டும். ஆனால் செங்குழியத்தின் எண்ணிக்கை 56 இலட்சம். இரும்பு காணாதவருக்குப் பருமனும் குறையும், எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். இவளுக்குச் சின்னச் சின்னதாக, ஆனால் ஏராளமாக இருக்கின்றன. பருமனை எண்ணிக்கையால் பிரித்துப் பார்ப்பார்கள். 56 இலட்சம் என்பது 5.6 மில்லியன், ஆகவே 65 ஐ 5.6 ஆல். விடை 13 க்குக் குறைந்தால் தலசீமியாவை, அதாவது ஈமோகுளோபின் சரிவரச் செய்யப்படாத பரம்பரைக் குறையை, நினைக்க வேண்டும். இவளுக்குப் பதினொன்றரைக்கும் சற்றுக் கூட. அது ஒரு சந்தேகம் மட்டுமே, முடிவு அல்ல. தாளோடு வைத்தியரிடம் போனோம். ஈமோகுளோபினின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். பேத்தி தலசீமியாக் காவி என்று முடிவு வந்தது. இரும்பு சேமிப்பில் குறைவில்லை என்பதால் குளிசையை நிறுத்தினார்கள்.

காவி என்றால் நோயாளி என்று நினைத்துவிடாதீர்கள். ஈமோகுளோபின் செய்வதற்கான குறிப்புத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வரும். காவிக்கு அதில் ஒன்று பழுது. மற்றது வேலை செய்வதால் படிக்கலாம், ஓடலாம், பிள்ளை பெறலாம், முழு ஆயுளும் வாழலாம். ஒரு காவி இன்னொரு காவியை மணந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு குறிப்பும் பழுதாக வருவதற்கு. அனுராதபுரம் போகும் பஸ்ஸில் ஒருமுறை அப்படி ஒரு பிள்ளையின் தாய் எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஏழு வயதுப் பையன், பார்த்தால் நாலு வயதுதான் சொல்லுவீர்கள். மாதம் தவறாமல் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தில் உள்ள இரும்பு வெளியேற வழியின்றி இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்ற, இரவெல்லாம் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகிச் சிறு இயந்திரத்தால் மருந்து ஏற்றுவாராம். “தூக்கத்தில் புரண்டால் ஊசி கழன்றுவிடும், அதனால் நான் தூங்குவதில்லை” என்றார். இப்போது வாயால் எடுக்கும் மருந்தும் உண்டு. குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தாயின் கண் எனக்கு மறக்கவில்லை.

இது ஏன் இந்த மண்ணில் என்று பேத்தி கேட்டாள். எனக்கு அதன் விடை பழைய தொழிலிலிருந்தே தெரியும். மலேரியாக் கிருமி செங்குழியத்துக்குள் குடியேறி, பெருகி, அதை வெடிக்கவைத்து வெளியே வரும். முறைக்காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது அதனால்தான். தலசீமியாக் காவியின் செங்குழியத்தில் கிருமி அவ்வளவு செழிப்பதில்லை. மலேரியா வாரிக்கொண்டு போன ஊர்களில் காவிகள் தப்பிப் பிள்ளை பெற்றார்கள், அந்தக் குறிப்பும் அவர்களோடு தப்பியது. உலர்வலயத்தில் அது எங்கள் மூதாதையருக்குக் காவலாக இருந்திருக்கிறது. 1999 இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது, வன்னி அப்போது பட்ட பாட்டை நான் தகடு தகடாகப் பார்த்தேன். 2016 செப்ரெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது நான் ஓய்வுபெற்றுவிட்டேன், முற்றத்தில் இருந்து அழுதேன். கிருமி போய்விட்டது, குறிப்பு எங்கள் உடலில் இருக்கிறது. இதே வழியில் வந்த இன்னொரு குறைபாடும் உண்டு, G6PD குறைபாடு என்பார்கள். அதை உடையவர்களுக்கு மலேரியாவுக்குக் கொடுக்கும் பிறிமாகுயின் குளிசையோ அந்துருண்டையோ செங்குழியத்தை உடைத்துச் சிறுநீரைக் கறுப்பாக்கிவிடும். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வரும். குழந்தையின் துணிப்பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள்.

முடிவு வந்த அன்று என் மகள், “அப்பா, இதை வெளியில் சொல்லாதீர்கள், பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடும்” என்று அழுதாள். பேத்தி, “எழுதுங்கள் அம்மப்பா, என் பெயரை மட்டும் போடவேண்டாம்” என்றாள். அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். மச்சான் மச்சாள் என்று சொந்தத்துக்குள் கட்டுகிற வழக்கம் எங்களிடம் உண்டு. ஒரே பாட்டனிடமிருந்து ஒரே பழுது இரு பக்கமும் இறங்கியிருக்கலாம். சொந்தத்துக்குள் கட்டுகிறவர்கள் பேச்சுத் தொடங்கும்போதே இரு பிள்ளைகளுக்கும் பரிசோதித்துவிடுங்கள். ஒருவர் காவியாக இல்லாவிட்டால் அந்தக் கவலையே வேண்டாம். பேத்தியின் பின்னே அவளுடைய தாயும் இரண்டு தம்பிமாரும் இரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். மகளும் காவிதான். முப்பது வருடம் முன் அவளுக்கும் இரத்தம் காணாது என்றுதான் சொன்னார்கள். நானும் அவளுக்குப் பீற்றூட் வாங்கிக் கொடுத்தேன்.

அதே தாளில் சிறுதட்டுகளுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஒன்றரை இலட்சத்திலிருந்து நாலரை இலட்சம் வரை அளவு. காயம் பட்டால் இரத்தத்தை அடைப்பவை அவை. மழைக்காலத்தில் டெங்கு வந்தால் அது இறங்கும். பப்பாசி இலைச் சாற்றை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். காய்ச்சல் விடுகிற அந்த இரண்டு நாளில்தான் திரவம் குழாயை விட்டுக் கசிந்து ஆபத்து வருகிறது. அஸ்பிரினும் இபுபுரோபனும் வேண்டாம், பரசிற்றமோல் போதும். வயலில் கண்ணாடி விரியன் கடித்தாலும் இரத்தம் உறையாமற்போகும். வைத்தியசாலையில் ஒரு கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். தண்ணீர்போல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆகவே கட்டுப்போட்டு மந்திரிப்பதில் அந்த நேரத்தைச் செலவிடாதீர்கள்.

ஆசிரியர் அவர்களே, இப்போது முழு இரத்தப் பரிசோதனைத் தாள் வன்னியில் பல வீடுகளில் கிடக்கிறது. ஆங்கிலத்தில் கிடக்கிறது, பொலித்தீன் உறையில் மடித்துக் கிடக்கிறது. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் வைத்தியருக்கு அதை வாசித்துக் காட்ட நேரமில்லை, நான் அவர்களைக் குறைகூறவில்லை, தகடு குவிந்த நாட்களில் நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தத் தாளின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழ் விளக்கத்தை உங்கள் ஞாயிறு பகுதியில் ஒருமுறை படத்தோடு போடுங்கள். வெட்டிச் சுவரில் ஒட்டிவைக்கக்கூடிய அளவில் போடுங்கள்.

புதுக்குடியிருப்பு வாசகியிடம் அவருடைய செங்குழியத்தின் பருமன் எத்தனை, எண்ணிக்கை எத்தனை, இரும்புச் சேமிப்பைப் பார்த்தார்களா, புழு மருந்து எடுத்தாரா, மாதவிலக்கு எப்படி என்று தயவுசெய்து கேட்டு எழுதுங்கள். அவருடைய பதில் வந்தால் ஒரு வைத்தியரைக்கொண்டு விளக்கம் எழுதுவித்து அதையும் பிரசுரியுங்கள். அதுவரை அவர் அந்தப் பாணிப் போத்தலை அடுத்த கிளினிக்குக்குக் கையோடு கொண்டுபோகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மலேரியா நுணுக்குக்காட்டிப் பரிசோதகர்,
மல்லாவி.